பெயர் போடாத பாட்டு

போன வாரம் செஞ்சியில் ஓர் இலக்கிய மன்றக் கூட்டம். 'எழுத்தாளனுக்கு அரசியல் எதற்கு?' என்று ஒருத்தர் ஒரு மணி நேரம் முழங்கினார். என்னைப் பதில் பேசச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்று நழுவிவிட்டேன். பேசியிருந்தால் ஒரு போலீஸ் ஸ்டேஷன் கதையைச் சொல்ல வேண்டி வந்திருக்கும்...

அங்கே விழுங்கியதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். ஆட்சி மாறிவிட்டது. சம்பந்தப்பட்ட சப்-இன்ஸ்பெக்டரும் ரிட்டயர் ஆகிவிட்டார். இனி எனக்கென்ன பயம்?

அறுபத்தைந்தில், இந்தி எதிர்ப்பு ஊர்வலங்கள் நடந்த சமயம். நான் அப்போது செஞ்சி ஹைஸ்கூலில் தமிழ் வாத்தியார் — சர்க்கார் சம்பளம். பையன்கள் ஊர்வலத்துக்குப் பாட்டு கேட்டார்கள். கை சும்மா இருக்குமா? எட்டு வரி எழுதிக் கொடுத்தேன். பெயர் போடாமல் நோட்டீஸ் அடித்தார்கள். கோட்டைக்குப் போகிற வழியெல்லாம், தாலுகா ஆபீஸ் சுவரைக்கூட விடாமல், ஒட்டிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது.

"வேலை போச்சு! ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சுக்கிட்டு உங்களுக்கு இன்னாத்துக்கு இந்தப் பாட்டு?" என்று என் மனைவி அழவே ஆரம்பித்துவிட்டாள். அவள் கேட்டதில் என்ன தப்பு?

போனால், எஸ்.ஐ. மரியாதையாக நாற்காலி போட்டார். சுவரிலிருந்து உரித்தெடுத்த நோட்டீஸ் ஒன்றை நீட்டினார்.

"இது யாரு எழுதினதுன்னு பாத்துச் சொல்லுங்க வாத்தியாரே. தமிழ் படிச்சவரு நீங்க... நடையப் பாத்தா தெரியாதா?"

அட கடவுளே! குற்றவாளியைக் கண்டுபிடிக்கக் குற்றவாளியையே கூப்பிட்டிருக்கிறார்.

"யாரோ சின்னப் பையன் வேலைங்க. சரக்கே இல்ல" என்றேன். சொல்லும்போதே மனசு வலித்தது.

"அப்டியா? எனக்கு நல்லாத்தான் இருக்குது. சரி, உரக்க வாசிங்க, நம்ம ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக்கட்டும். மேல அனுப்பணும்."

வாசித்தேன். முதல் இரண்டு வரியில் தடுமாறுகிற மாதிரி நடித்தேன். மூன்றாவது வரியில் நடிப்பு மறந்துவிட்டது. குரல் தானாக ஏறியது. 'கோட்டை சரிந்தாலும் கொண்ட மொழி சரியாது!' என்று மேஜையைத் தட்டி முடித்தேன்.

ரைட்டர் தன் தாளைப் பார்த்தார். எட்டி நோட்டீஸைப் பார்த்தார்.

"ஐயா, நான் எட்டு வரி எழுதியிருக்கேன். நோட்டீஸ்ல ஏழுதான் இருக்குது. கடைசி வரி கிழிஞ்சு செவுத்தோட போயிடுச்சே!"

தொலைந்தேன்... என் பெண்கள் இரண்டு பேர் முகமும் கண் முன்னால் வந்து நின்றது.

எஸ்.ஐ. நோட்டீஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, ரைட்டரின் தாளில் கடைசி வரியை அடித்துவிட்டார்.

"ஏழு வரியே இருக்கட்டும்யா. எழுதினது யாருன்னு தெரியலன்னு போடு."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. அவர் காலில் விழாத குறைதான்.

எழுதினவனைப் பிடிக்கத் துப்பறியும் மூளையெல்லாம் எதற்கு? அவன் எழுதியதை அவன் கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொன்னால் போதாதா? எழுதுகிற எங்களை யாரும் காட்டிக் கொடுக்க வேண்டியதில்லை — எங்கள் கர்வமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

கும்பிடு போட்டுவிட்டு வாசற்படி தாண்டினேன். பின்னால் எஸ்.ஐ.யின் குரல்...

"வாத்தியாரே! அந்த எட்டாவது வரிதான் பிரமாதம்."