அபாயச் சங்கிலி

செங்கோட்டையில் பழைய ரயில் பெட்டிகளைப் புதுப்பிக்கும் பணிமனை. குற்றாலச் சாரல் இங்கேயும் தூறுகிறது. வேலை முடிந்த மரப் பெட்டிக்குள், அபாயச் சங்கிலியை இழுத்துச் சோதிக்க நான் மட்டும் நிற்கிறேன். வார்னிஷ் வாசனை தலைக்கேறுகிறது. சின்ன டீசல் எஞ்சின் பெட்டியை மெல்ல இழுக்கிறது. பிரேக் கட்டை சக்கரத்தைக் கவ்வுகிறதா என்று பார்க்க, ஃபிட்டர் பேச்சியம்மாள் வெளியே குனிந்தபடி கூடவே நடக்கிறார்.

"சங்கிலிய இழுங்க சார்!"

நீட்டிய கை நின்றுவிடுகிறது. மேலே புதுப் பெயிண்டில், காரணமின்றி இழுத்தால் அபராதம்.

"அபராதம்னு போட்டிருக்கே அக்கா!"

"அதுக்குப் பயந்துதான இத்தன வருசமா சும்மா இருந்திய? இழுங்க, காரணம் நான் சொல்லுதேன்!"

தொங்குகிறேன். உஸ்ஸென்று காற்று சீற, பெட்டி குலுங்கி நிற்கிறது. குஷியில் கூச்சல் போடுகிறேன்.

"பிரேக்கு புடிச்சிட்டு!" என்று அவரும் கத்துகிறார். கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வருகிறார். "எத்தனையோ சங்கிலி மாட்டிருக்கேன். ஓடுத வண்டியில ஒண்ணுகூட இழுத்ததில்ல. தள்ளுங்க."

அவர் பின்னால் தச்சர், பெயிண்டர், வெல்டர் எல்லோரும் ஏறி வரிசை கட்டுகிறார்கள். கடைசியாக ஏறுபவரைப் பார்த்துப் பேச்சியம்மாள் இடுப்பில் கை வைக்கிறார்.

"நீங்களும் வந்துட்டா எஞ்சின யாரு ஓட்டுவா, அண்ணாச்சி?"