பின்சீட்டுக்குப் பின்னால் சிலிண்டர்

வெள்ளையனுக்குப் பயம் கூடவே பிறந்தது. ஃபெரியில் ஏறினால் மிதவை அங்கி எங்கே தொங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவான். மின்னல் வெட்டினால் வீட்டிலுள்ள பிளக்கையெல்லாம் பிடுங்கிப் போடுவான். அவன் தாத்தா செட்டிநாட்டிலிருந்து மலாயாவின் பினாங்குத் தீவுக்குக் கப்பலேறி வந்து, பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கியில் யாருக்கும் அசராமல் வட்டித் தொழில் நடத்தியவர். அந்தத் துணிச்சலில் ஒரு சிட்டிகைகூடப் பேரனுக்கு வந்து சேரவில்லை. பேரன் அதே தீவின் ஜார்ஜ் டவுனில் டாக்சி ஓட்டினான். அதிலும் ஹாரன் அடிக்கவே யோசிக்கிற டாக்சிக்காரன்.

இப்படிப்பட்டவன் காரில் கொண்டுபோய் காஸ் சிலிண்டரை வைத்தார்கள்.

அவனாக ஆசைப்பட்டு வைக்கவில்லை. பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போனது. ஃபெரி ஜெட்டி ஸ்டாண்டில் நின்ற டாக்சிகள் ஒவ்வொன்றாக இயற்கை எரிவாயுவுக்கு மாறின. "எல்லாரும் மாத்திட்டாங்க. நீங்க மட்டும் எண்ணெய் ஊத்தவே உழைக்கிறீங்க" என்று மனைவி தெய்வானை காலையும் மாலையும் பாட்டுப் பாடினாள். கடைசியில் அக்கரையில் பட்டர்வொர்த்தில் பட்டறை வைத்திருந்த சிக்கந்தர் பாயிடம் வண்டியை விட்டான்.

திரும்ப எடுக்கப் போனபோது காரின் பின்பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டு ஓர் இரும்பு உருளை படுத்திருந்தது. அதன் வாயிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கிளம்பி, வண்டியின் அடிவயிறு வழியாக எஞ்சினுக்குப் போனது. ஸ்டீயரிங் பக்கத்தில் சின்னதாக ஒரு சுவிட்ச். இப்படித் தட்டினால் பெட்ரோல், அப்படித் தட்டினால் காஸ்.

"பாய், வெடிக்காதுல்ல?"

"வெடிக்கிறத நான் வைப்பேனா லா?" சிக்கந்தர் பாய் சிரித்தார். "ரொம்பப் பயமா இருந்தா, சிலிண்டர் வாயில இந்தத் திருகு இருக்கு பாரு. இத மூடிடு. காஸ் அங்கேயே நின்னுரும்."

ரொம்பப் பயமா இருந்தா என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். வெள்ளையனுக்கு எப்போது பயம் இல்லாமல் இருந்தது? வீடு திரும்பும்போது கடல்பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி தடக்கென்று குதிக்க, அவன் வேகத்தை இன்னும் குறைத்தான். ஏர்கான் போடாமல் ஜன்னலைத் திறந்துபோட்டு, கடல்காற்றில் முடி பறக்க, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தான்.

தன் உயிரைப் பற்றிக்கூட அவன் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. மகள் ஹேமா தினமும் பள்ளிக்கூடத்துக்கு அந்தக் காரின் பின்சீட்டில்தான் போனாள். சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு தகரமும் கொஞ்சம் பஞ்சும்தான். கண்ணாடியில் அவளுடைய இரட்டைச் சடையைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குப் பின்னால் படுத்திருக்கும் உருளைதான் அவனுக்கு நினைவு வரும். ஸ்டீயரிங் வியர்வையில் வழுக்கும்.

தொடக்கத்தில் பயத்தை வாய்விட்டுச் சொன்னான். அதுதான் வினையாகப் போயிற்று. ஒருநாள் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனபோது, பின்னாலிருந்து 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்டது. வண்டியை ஓரங்கட்டி, "இறங்குங்க, இறங்குங்க!" என்று கத்தி, கிழவியிலிருந்து கைக்குழந்தை வரை வெயிலில் நிறுத்திவிட்டான். பார்த்தால், அவர்கள் பையிலிருந்த சோடா பாட்டில். கதை அவனுக்கு முன்னால் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து அவனைக் கண்டால் ஆளாளுக்கு 'ஸ்ஸ்' என்றார்கள். வீட்டில் தெய்வானையும் சிரித்தாள். "உங்க காதுல மட்டுந்தான் கேக்கும்" என்றாள்.

வெள்ளையன் வாயை மூடிக்கொண்டான். சொல்ல ஆளில்லாத பயத்தைச் சாமியிடம் கொண்டுபோனான். வெள்ளிக்கிழமைதோறும் சிலிண்டருக்கு விபூதிப் பட்டை, குங்குமப் பொட்டு. திருஷ்டிக்கு எலுமிச்சையும் மிளகாயும். நூலில் கட்டினால் வண்டி ஆட்டத்தில் அறுந்து விழுந்தது. அது அபசகுனமாகத் தோன்றவே, கம்பியில் கோத்து, சிலிண்டர் வாயில் குழாய் சேருமிடத்தைச் சுற்றிக் கட்டினான். பழத்தை மாற்றும்போதெல்லாம் பிளையரால் கம்பியை இன்னொரு முறுக்கு முறுக்குவான். அந்த முறுக்கில்தான் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதி. யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆயுத பூசை வந்தது. ஃபிளாட்டின் கீழே கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் கழுவி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா தூபக்காலில் சாம்பிராணி போட்டு ஒவ்வொரு வண்டிக்கும் காட்டிக்கொண்டு வந்தார். சூடத் தட்டை நான்தான் பிடிப்பேன் என்று ஹேமா அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். பட்டுப்பாவாடை தரையில் புரள, எரிகிற சூடத்தோடு காரின் முன்பக்கம் நின்றாள்.

"பின்னாலயும் காட்டணும். அப்பா, பெட்டியத் தொறங்க" என்றாள்.

வெள்ளையன் பின்பக்கம் போய்க் கைப்பிடியில் கைவைத்தான். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. 'ஸ்ஸ்'. ஊசிமுனை அளவுதான்.

மூக்கை இழுத்துப் பார்த்தான். எங்கும் சாம்பிராணி வாசம். வேறொன்றும் தெரியவில்லை. இத்தனை மாதமாக இல்லாத சத்தத்தையெல்லாம் கேட்ட காது இது. இப்போது கத்தினால் ஃபிளாட்டே சிரிக்கும். நல்ல நாளும் அதுவுமாக தெய்வானை தலையில் அடித்துக்கொள்வாள். பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். அந்த ஒரு கணத்தில் அவன் கை பழக்கத்தில் பெட்டியைத் திறந்துவிட்டது.

காஸின் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அறைந்தது. தட்டை ஏந்திக்கொண்டு ஹேமா காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

என்ன கத்தினான் என்று பிற்பாடு அவனுக்கே நினைவில்லை. பாய்ந்து தட்டை ஒரே தட்டாகத் தட்டிவிட்டான். சூடம் காரின் முன்சக்கரத்தையும் தாண்டிப் போய்க் கழுவிய தண்ணீரில் விழுந்து அணைந்தது. மகளின் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவள் குப்புற விழுந்து வீறிட்டாள்.

"ஐயையோ, சாமி தட்டு!" தெய்வானை அலறினாள். "புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?"

"காஸு! எல்லாரும் ஓடுங்க! அக்கா, தூபக்காலக் கீழ போடுங்க! வேணாம், போடாதீங்க, தூக்கிட்டு ஓடுங்க!"

லெட்சுமி அக்கா நெருப்போடு மாடிப்படிப் பக்கம் ஓடினார். வெள்ளையனும் ஓடியிருக்கலாம். கால்கள் ஓடத்தான் கெஞ்சின. ஆனால் ஹேமா இன்னும் எழுந்திருக்கவில்லை. அவன் பெட்டிக்குள் குனிந்து திருகைப் பிடித்தான். அது சுற்ற மறுத்தது. முறுக்கி முறுக்கி அவனே இறுக்கிய கம்பி திருகோடு பின்னிக் கிடந்தது. எலுமிச்சையைப் பிய்த்தான், மிளகாயைப் பிய்த்தான். கம்பி விரலைக் கிழித்தது. அழுதுகொண்டே இழுத்தான். கம்பி ஒருவழியாகக் கழன்றது. திருகு சுற்றியது. சத்தம் நின்றது.

மறுநாள் காலையில் சிக்கந்தர் பாயே வந்து பார்த்தார். குழாய் சேருமிடத்தில் இருந்த நட்டை விரலாலேயே அசைத்துக் காட்டினார். சிரிக்கவில்லை.

"தானா கழலற நட்டு இல்ல இது. இங்க கம்பி கட்டி முறுக்கினது யாரு?"

வெள்ளையன் கட்டுப்போட்ட விரல்களை நீட்டினான்.

"நான்தான் பாய். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு கட்டினேன்."

ஒவ்வொரு முறுக்குக்கும் நட்டும் கூடவே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தது. பாய் நட்டை இறுக்கி, சோப்புத் தண்ணீர் ஊற்றி, ஒரு குமிழிகூட வரவில்லை என்று காட்டிவிட்டுப் போனார். வெள்ளையனுக்குத்தான் ஆறவில்லை. யாரைக் காப்பாற்றக் கட்டினானோ அவளைத்தான் தன் கையாலேயே கொல்லப் பார்த்திருக்கிறான்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. ஹேமா பையை மாட்டிக்கொண்டு கீழே வந்தாள். பின்கதவு வரை வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"நான் வரல. வெடிச்சிரும்."

அப்பாவின் பயம் அப்படியே மகளின் கண்ணில் இருந்தது. வெள்ளையன் என்ன சொல்வான்? வெடிக்காது என்று அவனே என்றைக்கு நம்பினான்?

மாடியிலிருந்து தெய்வானை இறங்கி வந்தாள். பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி, முதுகைச் சீட்டில் நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தாள். மடியைத் தட்டிக் காட்டினாள். ஹேமா தயங்கித் தயங்கி ஏறி அம்மாவின் மேல் ஒண்டிக்கொண்டாள்.

"அம்மா, உங்க கை நடுங்குது."

"ஆமாடி. எனக்கும் பயம்தான்" என்றாள் தெய்வானை. பிறகு முன்சீட்டைப் பார்த்து, "எனக்கு சிலிண்டர் வச்ச அன்னைலேருந்தே பயம்தாங்க. நானும் பயந்தா நீங்க வண்டியே எடுக்க மாட்டீங்கன்னுதான் சிரிச்சேன்" என்றாள்.

வெள்ளையன் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டான். கை அவ்வளவாக நடுங்கவில்லை.