நான் மறைத்த வீக்கம்

கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் எங்களுக்குப் பிள்ளையில்லை. விரதமெல்லாம் என் மனைவிதான் இருந்தாள். அம்மா எழுமலையில் எனக்கு இரண்டாந்தாரம் பார்க்கத் தொடங்கியதும் பயந்து, மதுரை டாக்டர் ஒருவரிடம் போனேன். அவர் என் விந்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்.

"இதுல உயிரணுவே இல்லையே தம்பி. வயசுப் பையனா இருக்கும்போது பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?"

வந்தது, பதினெட்டு வயதில். கன்ன வீக்கத்துக்கு அம்மா தங்கச் சங்கிலி போட்டுவிட்டாள். விரைகளும் வீங்கியதை வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் கெடுத்திருக்கும் என்றார் டாக்டர்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா எழுமலைப் பேச்சை அன்றோடு விட்டாள். திட்டுவாள் என்று நினைத்த மனைவியோ, "அம்புட்டு வலியையும் ஒத்தையிலயா தாங்குனீக?" என்று அழுதாள்.

இப்போதெல்லாம் அவளிடம் யாராவது "விசேஷம் உண்டா?" என்று கேட்டால், "கொறை எங்கிட்டதான்" என்று நானே முந்திக்கொள்கிறேன்.