லைனில் நின்ற பெருமாள்

அறுபதுகளின் கடைசியில் நான் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்தேன். மீட்டர்கேஜ் வண்டியில் காஞ்சிபுரம் வந்து, சரக்கு இறக்கும் கிளை லைனான சைடிங்கில் உப்பும் உரமும் ஏற்றிய வேகன்களைக் கழற்றி விட்டு, காலி வேகன்களைக் கோத்துக்கொண்டு போவது வேலை. எங்கே எத்தனை நிமிடம் நின்றோம், ஏன் நின்றோம் என்று டைரியில் எழுத வேண்டும். காரணமில்லாமல் வண்டி நிற்க ரயில்வேயில் அனுமதி கிடையாது.

ஒரு மாசி மாதக் காலையில் நான்கு வேகன்களை உள்ளே விட்டுவிட்டு என்ஜின் திரும்பிக்கொண்டிருந்தது. நானும் அதில் தொற்றிக்கொண்டிருந்தேன். சைடிங்கின் குறுக்கே ஒரு மாட்டுவண்டிப் பாதை போகும். அங்கே டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். தண்டவாளத்தின் நடுவில், பல்லக்கில், பெருமாள்.

பக்கத்துச் சின்னக் கோயில் பெருமாள் அவர். வருஷத்துக்கு ஒரு முறை லைனைத் தாண்டி ஒரு தோப்புக்குப் போய் வருவார். அன்று சரியாக லைன்மேல் வரும்போது பல்லக்குத் தண்டு விரிசல் விட்டுவிட்டது. சாமியைத் தரையில் இறக்கக் கூடாதென்று நாலு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள்.

டிரைவர் விசில் கொடுத்தார். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தி எங்களை முறைத்தார். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் மணியக்காரர் கையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னாபா அவசரம்? பெருமாள் நிக்கிறாரு, தெரியல?"

"தெரியுதுங்க. எவ்ளோ நேரம் நிப்பாரு?" என்றேன்.

"அவரையே கேளு."

டிரைவர் கிறிஸ்தவர். "உங்க சாமிதானே சார், நீங்களே பேசிக்குங்க" என்று பீடியைப் பற்றவைத்தார். மாற்றுத் தண்டுக்கு மூங்கில் தேடிப் போன கோயில் ஆள் திரும்பவேயில்லை. கடைசியில் எங்கள் ஃபயர்மேன் என்ஜினில் கிடந்த கயிற்றை எடுத்துப் போய் தண்டை இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். கரிக்கையிலேயே அவருக்குப் பொங்கல் கொடுத்தார்கள். வேண்டாமென்ற டிரைவர் இரண்டு தொன்னை சாப்பிட்டார். நாற்பது நிமிடம் போயிற்று.

டைரியில் உள்ளதை உள்ளபடி இங்கிலீஷில் எழுதினேன்: பெருமாள் லைனில் நின்றதால் நாற்பது நிமிடத் தாமதம். இங்கிலீஷில் மரியாதை விகுதி இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பத்து நாளில் மேலாபீஸிலிருந்து ஒரு மெமோ டிப்போவுக்கு வந்தது. பெருமாள் என்பவர் பணி நேரத்தில் லைனில் நின்றது ஏன், ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்க வேண்டும், தவறினால் நடவடிக்கை.

"யாருய்யா இந்தப் பெருமாள்? பாயின்ட்ஸ்மேனா, கேங்மேனா?" என்றார் தலைமை கிளார்க்.

"சாமி சார்."

"சாமின்னா? கான்ட்ராக்ட் ஆளா?"

விவரம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ நீ தப்பா எழுதிக்கிற. சார்ஜ் ஷீட் உனக்கு வரும். பேசாம அவர்கிட்டயே குடுத்து கையெழுத்து வாங்கிக்கினு வந்துடு."

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில், ஓய்வு நாளில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு மெமோவோடு கோயிலுக்குப் போனேன். சன்னிதியில் திரை போட்டிருந்தது.

"சாப்பிட்டுக்கினு இருக்காரு, உக்காரு" என்றார் மணியக்காரர். மெமோவை இரண்டு முறை படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"ஏழு நாள் பத்தாதே. கமிட்டி கூடணும்பா" என்று யோசித்தார். பிறகு, கமிட்டியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, தாள் எடுத்துப் பதில் எழுதினார். பெருமாள் இந்த வழியாகப் போவது ரயில் வருவதற்கு முன்பிருந்தே நடப்பது. அவர் வழியில் லைன்தான் குறுக்கே படுத்திருக்கிறது. அது எப்போது எழுந்திருக்கும் என்று தெரிவிக்கவும். கீழே கோயில் முத்திரை.

மெமோவின் நகலில் பெறுபவர் கையெழுத்து வேண்டுமென்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அதை வாங்கி அர்ச்சகரிடம் கொடுத்தார். திரை விலகியதும் தாள் உள்ளே போய், பாதத்தில் வைக்கப்பட்டு, கையெழுத்து இடத்தில் ஒரு குங்குமத் தீற்றலோடு திரும்பி வந்தது.

தலைமை கிளார்க் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இங்க் இல்லியா?" என்றார். அப்புறம் தானே பேனாவை எடுத்து, தீற்றலைச் சுற்றி வட்டம் போட்டு, "பெருமாள், இடது கைப் பெருவிரல் ரேகை" என்று எழுதிவிட்டார்.

ஒரு மாதத்தில் இறுதி ஆணை வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, முதல் தவறு என்பதால் பெருமாள் எச்சரிக்கப்படுகிறார், இனி லைனைக் கடக்குமுன் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து அனுமதி பெற வேண்டும். லைன் எழுந்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஆணையையும் நான்தான் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பெருமாளையே எச்சரிக்கிறானுங்களா?" என்று மணியக்காரர் குதித்தார். கொஞ்ச நேரத்தில் அடங்கி, அனுமதி பற்றிய வரியை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

அடுத்த மாசியில் எனக்கு மகள் பிறந்து லீவில் இருந்தேன். நடந்ததை, சைடிங்கில் லைன் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் சொன்னார். கோயிலிலிருந்து ஒரு வாரம் முன்பே கடிதம் போயிருந்தது. புதுத் தண்டோடு பல்லக்கு லைனருகே வந்து நின்றது. பச்சைக் கொடி காட்டினால்தான் ஆச்சு என்று மணியக்காரர் அசையவில்லை.

"இன்னிக்கி கூட்ஸே கேன்சலுங்க, தாராளமா போங்க" என்றாராம், விஷயம் கேட்டு அங்கே வந்த ஸ்டேஷன் மாஸ்டர்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுபா. எழுதிக் குடுத்திருக்குது, கொடியக் காட்டு."

ஸ்டேஷன் மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காலி லைனில் நின்று பச்சைக் கொடியை விரித்தார். பெருமாள் நான்கு நிமிடத்தில் கடந்து போனார்.