கன்னத்தைக் குறைக்கப் போன கதை

கன்னத்துக் கொழுப்பை எடுத்தால் என் முகம் எப்படி ஆகும் என்று சென்னை டாக்டர் கம்ப்யூட்டரில் காட்டினார். அதற்கு முன் என்னென்ன ஆகும் என்பதையும் சொன்னார். முதலில் வீங்கும், கொஞ்ச நாள் கஞ்சிதான், வாய்க்குள் போடும் தையல் தானே கரையும், சிரிக்கக் கூடாது. இத்தனை வருஷம் அரசாங்க ஆபீசில் குப்பை கொட்டியவளுக்குக் கடைசி நிபந்தனை கஷ்டமாகப் படவில்லை.

"வாயில சின்ன ஆபரேஷன், மெயின்லேண்ட் போறேன்" என்று மட்டும் சொல்லி லீவு வாங்கியிருந்தேன். அங்கேதான் தப்பு. எங்கள் தீவில் பாதிப் பேர் வாயில் பான் அடக்கியவர்கள். வாயில் ஆபரேஷன், அதுவும் கடல் தாண்டி மெயின்லேண்டில் என்றால், இங்கே அதற்கு அர்த்தம் புற்றுநோய்தான்.

குறைக்கப் போன கன்னம் இரண்டு மடங்காகி, தலையைச் சுற்றிக் கட்டுடன் எங்கள் ஊர் புரோத்ராபூரில் வந்து இறங்கினேன். எதிர் வீட்டு வங்காளி அம்மா, "சப் டீக் ஹோ ஜாயேகா", எல்லாம் சரியாகிவிடும் என்று இந்தியில் சொல்லி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆபீஸ்காரர்கள் இளநீரோடு வந்தார்கள். என் கணவர் துக்க வீட்டு முகத்தோடு எல்லோருக்கும் டீ கொடுத்தார். மனுஷனுக்கு நடிப்பு இவ்வளவு நன்றாக வரும் என்று எனக்குத் தெரியாது. எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மீன் பிடிப்பவர். பான் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. அன்று வாய் காலியாக இருந்தது.

"அக்கா, எனக்கும் கன்னத்துக்குள்ள வெள்ளையா ஒண்ணு கெடக்கு. டாக்டர் மெயின்லேண்ட் போகச் சொல்லுதாரு. பயந்துகிட்டு வீட்ல சொல்லல. நீங்க போய்ட்டு நல்லபடியா வந்துட்டீங்கள்லா?"

உண்மையைச் சொன்னால் எழுந்து போய்விடுவார். பிறகு எந்த மெயின்லேண்டுக்கும் போகமாட்டார். வாயைத் திறந்து தையலைக் காட்டினேன்.

"வலிக்குமாக்கா?"

"மயக்க ஊசி போட்டுருவாங்க. அப்புறம் கஞ்சிதான். லேட் பண்ணாம கிளம்புங்க."

அடுத்த கப்பலிலேயே போனார். அவர் திரும்பும்வரை எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. நேரத்தோடு வந்ததால் பிழைத்தார் என்று அங்கே சொன்னார்களாம். அதற்குள் என் வீக்கம் வடிந்து, கன்னங்கள் டாக்டர் காட்டிய படத்தைப் போலவே ஒடுங்கியிருந்தன.

ஊர் வந்ததும் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். வலது கன்னம் குழிந்து, பேச்சு குழறியது. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்கு ஒரு பக்கந்தாங்க்கா எடுத்தாங்க. பாவம், உங்களுக்கு ரெண்டு பக்கமும்லா எடுத்துருக்காங்க" என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.