ஐந்து வீட்டு முத்திரை

சாமுராய் என்றால் வாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டில் முடங்கிக் கிடந்த கோடையில், மனைவி நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகம் எடுத்து வந்து மடியில் போட்டாள். ஷோகன் என்ற படைத்தலைவர்கள் ஜப்பானை ஆண்ட காலத்தின் வரலாறு. வாள்வெட்டுக்காகப் படிக்கத் தொடங்கிய எனக்குப் பாதிப் புத்தகம் தாண்டியும் சொல்லும்படியாக ஒரு தலையும் உருளவில்லை. சாமுராய்கள் பெரும்பாலும் கோட்டை நகரங்களில் இருந்தார்கள். கிராமத்துக்குள் அவர்கள் வருவது குறைவு. வரத் தேவையும் இருக்கவில்லை.

ஏனென்றால் கிராமத்து வீடுகளை ஐந்து ஐந்தாகப் பிரித்துக் குழு அமைத்திருந்தார்கள். ஒரு வீடு பிழை செய்தால் ஐந்து வீட்டுக்கும் தண்டனை. கிறிஸ்தவம் அங்கே தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. ஒருவன் ஒரு கிறிஸ்தவனை ஒளித்து வைத்திருந்தால் மற்ற நாலு வீடும் பதில் சொல்லவேண்டும். ஆகவே யாரும் வேவு பார்க்க வரவேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரனே பார்த்துக்கொள்வான். எங்களுக்குள் அப்படி ஒருவரும் இல்லை என்று வீட்டுத் தலைவர்கள் ஆண்டுக்கொரு தடவை முத்திரை குத்திக் கொடுத்தார்கள். எங்கள் ஊரிலும் போர் நாட்களில் வீட்டில் யார் யார் படுக்கிறார்கள் என்று ஆமிக்குச் சொல்லவேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து இப்போது இருப்பது ஸ்ரௌவ்வில் என்ற சிறு நகரத்தில். ஒருவரையொருவர் முன்பே அறிந்த ஐந்து தமிழ்க் குடும்பங்கள், ஒன்றாகப் போய் வரிசையாக ஐந்து வீடு வாங்கினோம். ஐந்து வீட்டிலும் பேஸ்மென்ற்றில், நிலத்துக்குக் கீழே உள்ள தளத்தில், வாடகைக்கு ஆட்கள் இருந்தார்கள். ஐந்து வீட்டிலும் அதற்கு நகரசபையின் பெர்மிற் இல்லை. எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை.

எங்கள் பேஸ்மென்ற்றில் மன்னாரைச் சேர்ந்த ஒரு பெண் தனியே இருந்தார். கத்தோலிக்கர். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஒரு சின்ன மாதா சுரூபம் வைத்திருந்தார். அவருடைய அகதி வழக்கு தோற்றுவிட்டது, மேன்முறையீடும் தோற்றது. நாட்டை விட்டுப் போகச் சொன்ன நாளில் அவர் விமான நிலையத்துக்குப் போகவில்லை, எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊரில் அவரைத் தேடி வந்தவர்கள் இன்றைக்கும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். இங்கே பிடிபட்டால் அங்கே அனுப்பிவிடுவார்கள்.

வெளியே வேலைக்குப் போகப் பயந்தவர், வீட்டுக்குள் இருந்து இடியப்பம் அவித்தார். ஐந்து வீட்டுக்கும் அவருடைய இடியப்பம்தான். ஓடர் கொடுக்க வசதியாக, எங்கள் ஐந்து வீட்டு வட்ஸ்அப் குறூப்பில் அவரையும் என் மனைவி சேர்த்துவிட்டாள். அவருடைய படம் இருக்கவேண்டிய வட்டத்தில் மாதா இருப்பார். "நாளைக்கு எங்களுக்கு அம்பது" என்று யாராவது எழுதினால் அவர் பதில் எழுதமாட்டார். சம்மதம் என்று ஒரு பெருவிரல் படம் மட்டும் போடுவார். இடியப்பம் சொன்ன நேரத்துக்கு வந்துவிடும்.

கோடை முடிகிற நேரம் மூலை வீட்டில் பாபிகியூ நடந்தது. மூலை வீட்டு அண்ணை எங்களில் மூத்தவர், எதையும் முன்னின்று செய்பவர். என் வாய் சும்மா இருக்குமா? ஜப்பான் கதையை எடுத்துவிட்டேன். "நாங்களும் அஞ்சு வீடுதானே. அண்ணைதான் தலைவர். முத்திரையை எங்கை வைச்சிருக்கிறியள் அண்ணை?" என்று பகிடி விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே இறைச்சியைப் பிரட்டிப் போட்டார். பிறகு, சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு, என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "ஒரு வீடு பிழை விட்டால் அஞ்சுக்கும் எண்டோ சொன்னனீர்?"

"ஓம் அண்ணை" என்றேன்.

மரங்கள் இலை கொட்டி முடிந்த ஒரு நாள், எங்கள் தெரு வளைவில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. உள்ளே இருந்தவர் இறங்கவில்லை. வீடுகளைப் பார்த்து ஏதோ படம் எடுத்துவிட்டுப் போய்விட்டார். அது தெருவில் மரம் நட இடம் பார்க்க வந்த கார் என்று அடுத்த வசந்தத்தில்தான் தெரிந்தது. அன்றைக்கு ஐந்து வீட்டுத் திரைச்சீலைகளும் அசைந்தன.

அதன் பிறகு அண்ணையிடமிருந்து கட்டளைகள் வரத் தொடங்கின. எனக்கு மட்டும், தனியாக, தொலைபேசியில். "பக்கவாசலிலை செருப்பு விடவேண்டாம் எண்டு அவவுக்குச் சொல்லும். இந்த நாட்டிலை நாங்கள் மட்டும்தான் செருப்பை வெளியிலை விடுறது. எண்ணிப் பாத்தால் எத்தினை பேர் எண்டு தெரிஞ்சுபோம்." அது நியாயம் என்று பட்டது, சொன்னேன். அவர் உடனே செருப்பை உள்ளே எடுத்து வைத்தார். அடுத்த கிழமை: "நேற்று உங்கடை பக்கவாசல் லைற் கனநேரம் எரிஞ்சது, கமராவிலை பாத்தனான்." அண்ணையின் அழைப்பு மணிக் கமரா தெருவைப் பார்க்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"உங்கடை ஜப்பான் புத்தகத்தை முதல்லை லைப்ரரியிலை கொண்டுபோய்க் குடுங்கோ" என்றாள் மனைவி.

பனி விழத் தொடங்கியதும் அண்ணை வீட்டில் கூட்டம் வைத்தார். வீட்டுக்கு ஒருவர். தேநீர் வந்தது, சம்பலும் இடியப்பமும் வந்தன.

"நான் ஆரையும் குறை சொல்லேல்லை" என்று தொடங்கினார். "பேஸ்மென்ற் எல்லாரிட்டையும் இருக்கு. ஆனா உம்மடை ஆள் வேறை கேஸ். அவவைத் தேடி இமிகிறேசன்காரர் வந்தாங்களெண்டால் அஞ்சு கதவும் தட்டுவாங்கள்."

"ஆர் அண்ணை வரப்போறாங்கள்? ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. வரமுந்தி நாங்கள் பாக்கவேணும்."

"அவ எங்கை போறது?"

"ஒஷாவா இருக்கு, சென் ஜேம்ஸ் ரவுண் இருக்கு. எங்கடை ஆக்கள் இல்லாத இடமே?"

மற்ற மூவரும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இடியப்பம் அந்தப் பெண் அவித்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோபம் வந்தது. ஆனால் அண்ணை சொன்னதில் பாதி சரி என்று உள்ளுக்குள் எனக்கும் பட்டது, அதற்காக என்மேல் வந்த கோபம் இன்னும் பெரிது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பி வந்தேன்.

வீட்டில் மனைவி சீறினாள். "உவை சொல்லுறதுக்கு ஒரு மனிசியை ஸ்நோவுக்குள்ளை விடேலுமோ?" பிறகு கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தணித்து, "உண்மையா வந்து தட்டுவாங்களோ?" என்று கேட்டாள். கீழே இருந்து இடியப்பம் அவியும் வாசம் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் குறூப்பில் அண்ணையின் செய்தி வந்தது. "கூட்டத்திலை பேசினபடி, அந்தப் பேஸ்மென்ற் ஆள் வாற கிழமைக்குள்ளை வேறை இடம் பாக்கவேணும். அஞ்சு வீட்டின்ரை நன்மைக்குத்தான். சம்மதமெண்டால் வீட்டுக்கு ஒரு தம்ஸ்அப் போடுங்கோ."

முதல் பெருவிரலை அவரே போட்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது. மூன்றாவது. நாலாவது விரல் வர நேரம் எடுத்தது, ஆனாலும் வந்தது. இனி எங்கள் வீடு மட்டும்தான். மனைவி என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போட்டிடாதேங்கோ."

"போடாட்டி?"

என் விரல் திரைக்கு மேலே நின்றது. போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. ஒரு ஆண்பிள்ளையாக 'ஏலாது' என்று எழுத எனக்கு அரை நிமிடம் போதும். எழுதவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு என்றிருந்த இலக்கம் ஐந்தாக மாறியது. மனைவிதான் அமத்திவிட்டாள் என்று திரும்பினேன். அவளுடைய போன் குசினியில் கிடந்தது. யார் என்று தட்டிப் பார்த்தேன். வட்டத்துக்குள் மாதா இருந்தார்.

அவர் அந்தக் குறூப்பில் இருக்கிறார் என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவில் இருக்கவில்லை. இடியப்பம் வேண்டும்போது மட்டும் வருகிற நினைவு அது.

கீழே இறங்கிப் போனேன். கட்டில் விரிப்பு மடித்து வைத்திருந்தது. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஒன்றும் இல்லை. மேசையில் அன்றைய ஓடர், வீட்டுக்கு ஒன்றாக ஐந்து பெட்டி, இன்னும் இளஞ்சூடாக இருந்தது. பக்கத்தில் நாங்கள் அவருக்குக் கொடுத்திருந்த பக்கவாசல் திறப்பு. பக்கவாசலுக்கு உள்ளே செருப்பு வைக்கும் இடம் வெறுமையாகக் கிடந்தது.

காரை எடுத்துக்கொண்டு பஸ் ஓடும் பெருந்தெரு வரை போனேன். எங்கள் பக்கத்தில் கார் இல்லாதவர் போகக்கூடிய வழி அது ஒன்றுதான். இரண்டு பக்கமும் வெள்ளை வயல். மனித நடமாட்டமே இல்லை. அழைத்தேன், போன் நிறுத்தப்பட்டிருந்தது. அவர் எங்கே போனார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

திரும்பி வந்து குறூப்பைத் திறந்தேன். நாலு விரலும் மறைந்திருந்தன. நாலு வீடும் தங்கள் தங்கள் விரலை மெல்ல எடுத்துவிட்டிருந்தன, அண்ணையும்தான்.

அந்தச் செய்திக்குக் கீழே இப்போது ஒரு பெருவிரல்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுக்காக அவர் வைத்தது.