ஒன்பது மணிக்கு வீட்டில் இருக்கும் பெண்

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீட்டு வாசலில் காலை ஒன்பது மணிக்கு மேல் ஒரு பெண்பிள்ளையைப் பார்க்க முடியாது. சின்னது பள்ளிக்கூடம் போயிருக்கும், பெரியது கம்பெனி பஸ் ஏறியிருக்கும். என் மகள் அபிநயா மட்டும் அந்த நேரத்தில் குழாயடியில் நின்று நிதானமாகப் பல் தேய்ப்பாள். பக்கத்து வீட்டு ரத்னம்மா கன்னடக்காரர். “ஸ்கூல் இல்வா?” என்று தினமும் கேட்பார். “இல்ல ஆன்ட்டி” என்று இவள் சிரிப்பாள். லீவு என்று அவர் எடுத்துக்கொள்வார். மாதக்கணக்கில் லீவு விடுகிற பள்ளி எங்கே இருக்கிறது?

என் கணவரின் கம்பெனி வேலையை நம்பி விளாத்திகுளம் பக்கத்திலிருந்து இங்கே வந்தபோது இவளுக்கு ஏழு வயது. ஊர்ப் பள்ளியில் டீச்சர் இவளை மேசைமேல் நிறுத்திக் கணக்குச் சொல்லவைப்பார். இங்கே சேர்த்த பெரிய பள்ளியில் அதே கணக்குதான் எமனாக வந்தது. ஒன்பதாவதிலேயே பிளஸ் ஒன் புத்தகத்தை முடித்துவிட்டவள், விடையை இரண்டே வரியில் எழுதுவாள். “ஸ்டெப் இல்லை” என்று சைபர் போட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். பிறகு யூனிபார்மைப் பார்த்தாலே வாந்தி. பத்தாவது தொடங்கியதும் அங்கிருந்து நிறுத்தி, திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்தோம். வீட்டிலேயே படித்துப் பரீட்சை எழுதலாம். நல்ல வழிதான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஊரில் மட்டும் சொல்லவில்லை. ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு மதியம், குழந்தைகள் நலனைப் பார்க்கிற ஆபீஸிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள்.

“பொண்ணுக்கு எங்கியாச்சும் பேசி முடிச்சிட்டீங்களாம்மா?”

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. “ஐயோ, படிக்கத்தான் மேடம் ஸ்கூல நிப்பாட்டியிருக்கோம்” என்றேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று உறைத்தது. அபிநயா அடையாள அட்டையையும் நோட்டுகளையும் கொண்டுவந்து காட்டினாள். “சரிம்மா, ஆனா அப்பப்ப வந்து பாப்போம்” என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அந்த ஆபீஸுக்குப் போன் செய்தது யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் ரத்னம்மாவே வந்தார்.

“நாந்தான் போன் பண்ணிது. என் தங்கச்சி மகளையும் இப்டியே ஸ்கூல் நிறுத்தி வீட்ல வெச்சாங்கோ. மூணு மாசத்துல மதுவே. பதினஞ்சு வயசு. அப்போ யாரும் போன் பண்ணல.”

மதுவே என்றால் கல்யாணம். கோபப்படத்தான் வாயைத் திறந்தேன். உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தேன்.

ஊரில் சொல்லாததற்கும் காரணம் அதுதான். வயதுக்கு வந்த பிள்ளை வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்தால், என் நாத்தனார் மறுவாரமே தன் மகனுக்குக் கேட்டு வந்துவிடுவார். அக்காவிடம் முடியாது என்று சொல்லி என் கணவருக்குப் பழக்கமில்லை.

நேற்றுக் காலை பதினொரு மணிக்கு நாத்தனார் வீடியோ காலில் வந்தார்.

“எங்க எம் மருமவ?”

“ஸ்கூலுக்குப் போயிருக்கா மயினி.”

என் தோளோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவள் சத்தமில்லாமல் திரைக்கு வெளியே நகர்ந்தாள். எவ்வளவு நகர வேண்டும் என்ற அளவு அவளுக்குத் தெரிந்திருந்தது. மயினி ஊர்க்கதையெல்லாம் சொல்லி அரைமணி நேரம் பேசினார். அவ்வளவு நேரமும் என் பிள்ளை, நோட்டுத் தாள் சத்தம்கூடக் கேட்டுவிடக்கூடாதென்று, கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.